இலங்கையிற் பல் வைத்தியக் கல்வியின் தோற்றம்: சில சமூக வரலாற்றுக் குறிப்புகள்

இலங்கையின் உயர்கல்வி வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் 1870இல் கொழும்பில் நிறுவப்பெற்ற வைத்தியக் கல்லூரிக்கும், 1921இன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கும், 1942இன் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கும் உரிய இடத்தை வழங்கியுள்ளனர். ஆயின், 1943இல் அப்பல்கலைக்கழகத்தின் வைத்திய பீடத்தினுள் தொடங்கப்பெற்ற பல் வைத்தியப் பள்ளியோ பெரும்பாலும் ஒரு வாக்கியத்துடன் கடந்து செல்லப்படுவதாகவே இருந்து வந்துள்ளது. சிறிய துறை, சிறிய மாணவர் தொகை, சிறிய உறுப்பு என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். எனினும், ஒரு சமுதாயம் மனித உடலின் எப்பகுதியை எப்பொழுது கவனிக்கத் தலைப்படுகின்றது என்பதும், அக்கவனிப்பு எவருடைய உடலைச் சென்றடைகின்றது என்பதும் வைத்தியத்துறைக்குள் மட்டும் அடங்கிவிடும் வினாக்கள் அல்ல. வைத்தியக் கல்லூரி தோன்றி 73 ஆண்டுகள் கழிந்த பின்னரே பல்லுக்கென ஒரு பள்ளி இந்நாட்டில் ஏன் தோன்றியது? தோன்றிய பின் அது எவருக்குப் பயன்பட்டது? இவ்விரு வினாக்களையும் மையமாகக் கொண்டே நாம் இங்கு சில குறிப்புகளை முன்வைக்க விழைகின்றோம்.

பல் பிடுங்குதல் உலகெங்கும் நெடுங்காலம் ஒரு கைத்தொழிலாகவே கருதப்பட்டு வந்தது. ஐரோப்பியச் சந்தைகளில் நாவிதரும் கொல்லரும் ஊர்சுற்றும் பல் பிடுங்கிகளும் இத்தொழிலைச் செய்தனர். 1728இல் பாரிசில் பியேர் போஷார் வெளியிட்ட நூலே பல்லைப் பற்றிய அறிவை ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரு துறையாக அமைத்த முதற் பெருமுயற்சி எனப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. பல் வைத்தியத்துக்கென்றே உலகில் முதன்முதல் அமைந்த கல்லூரி 1840இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹொரஸ் ஹேடன், சப்பின் ஹரிஸ் ஆகிய இருவரின் முயற்சியால் எழுந்தது. அது வைத்தியக் கல்லூரிக்குப் புறம்பாக நின்ற தனி நிறுவனமாகும். பல்கலைக்கழகமொன்றின் அணைப்பினுள் அமைந்த பல் வைத்தியப் பள்ளியைக் காண 1867இல் ஹார்வர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வைத்தியத்தின் உள்ளேயா வெளியேயா என்ற இந்த இழுபறி பின்னர் கல்கத்தாவிலும் கொழும்பிலும் வேறு வடிவங்களில் தோன்றுவதை நாம் காணலாம்.

பிரித்தானியாவில் நிலைமை சற்று வேறுபட்டது. அங்கு இலண்டன் சத்திரசிகிச்சையாளர் அரச கல்லூரி 1859இல் பெற்ற சாசனத்தின் வழியாகப் பல் வைத்தியத்துக்குத் தராதரப் பத்திரம் வழங்கத் தொடங்கியது. 1878இன் சட்டம் பல் வைத்தியர் என்ற பெயரை மட்டுமே காத்தது. தொழிலைச் செய்வதற்கு எவருக்கும் தடையிருக்கவில்லை. 1921இன் சட்டமே பயிற்சி பெறாதோரைத் தொழிலிலிருந்து விலக்கும் வழியை வகுத்தது. இடைப்பட்ட காலத்திற் பிரித்தானிய அரசின் கவனத்தைப் பல்லின் பக்கம் திருப்பியது தொழிலாளரின் வலியன்று, போயர் யுத்தமாகும். தென்னாபிரிக்கக் களத்தில் காய்ந்த பிஸ்கட்டைக் கடிக்க இயலாத படையினர் பலர் பயனற்றவராயினர். அடுத்து வந்த உலக மகாயுத்தம் அப்பாடத்தை மேலும் அழுத்தமாகக் கற்பிக்க, 1921இற் படையினருக்கெனப் பல் வைத்தியப் பிரிவொன்று நிறுவப்பட்டது. பல் என்பது பேரரசின் போர்த்தளவாடங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்ட பின்னரே அரசின் பொறுப்பாக மாறியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இலங்கையை நோக்குமிடத்து, குடியேற்ற ஆட்சிக்காலத்தில் சாதாரண மக்களின் பற்கள் அவர்களுடைய சொந்தப் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தன. ஆலம்விழுதும் வேப்பங்குச்சியும் உமிக்கரியும் நாளாந்தப் பராமரிப்புக்குப் போதுமானவையாகக் கருதப்பட்டன. கராம்பு, உப்புநீர், நாட்டு வைத்தியரின் சூரணம் முதலியன வலிக்கு மருந்தாயின. அவற்றால் ஆகாதபோது பிடுங்குவதே முடிவான வைத்தியம். இம்மரபு முழுவதும் மூடநம்பிக்கையென ஒதுக்கத்தக்கதன்று. நாள்தோறும் பல் விளக்கும் ஒழுக்கத்தை ஐரோப்பியப் பொதுமக்களுக்கு முன்பே நமது மக்கள் கைக்கொண்டிருந்தனர் எனத் துணிந்து கூறலாம். ஆனால் சூத்தையை அடைக்கவோ, முரசின் நோயைத் தடுக்கவோ, இழந்த பல்லுக்கு ஈடு செய்யவோ அம்மரபிடம் வழியிருக்கவில்லை. அந்த இடைவெளியை நகரங்களில் நிரப்பியோருட் சீனர் குறிப்பிடத்தக்கவர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிற் கொழும்பிலும் வெளியூர்ப் பட்டினங்களிலும் பட்டுத்துணி விற்போராகவும் பல் கட்டுவோராகவும் குடியமர்ந்த சீனக் குடும்பங்கள், தந்தையிடமிருந்து மகன் பயிலும் கைத்தொழிலாகவே இதனை நடத்தி வந்தன. கண்ணாடிப் பெட்டியினுள் பொய்ப்பற்களை அடுக்கி வைத்த அக்கடைகளை நமது முன்னைய தலைமுறையினர் நன்கறிவர். 1927ஆம் ஆண்டின் வைத்தியக் கட்டளைச் சட்டம் வைத்தியருடன் பல் வைத்தியரையும் பதிவு செய்ய ஏற்பாடு செய்தது. ஆயின், பதிவேடு இருந்ததேயன்றி, அப்பதிவேட்டிற் சேர்வதற்குரியோரைப் பயிற்றும் பள்ளி இந்நாட்டில் இருக்கவில்லை. கடல்கடந்து கற்க வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கே அது திறந்த கதவாயிற்று.

இவ்விடத்தில் ஈழத்து மருத்துவக் கல்வியின் வேறொரு மரபையும் நினைவுகூர வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் மாணவருக்கு மேலைத்தேச வைத்தியத்தைக் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், பின்னர் தமிழையே போதனா மொழியாக்கினார். அதற்கென மாணவரின் துணையுடன் நூல்களையும் ஆக்கினார். 1867இல் இரண வைத்தியமும், 1872இல் மனுஷ அங்காதிபாதமும், 1875இற் கெமிஸ்தமும் வெளிவந்தன. அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வெளியேறினர். கிறீனின் திட்டத்திற் பல் வைத்தியம் தனித்துறையாக இருக்கவில்லை. எனினும் உடற்கூற்று நூலொன்று தமிழில் அமைந்தபோதே தாடையென்பும் பல்லும் நரம்பும் தமிழிற் பேசப்படத் தொடங்கிவிட்டன. ஆங்கிலம் கற்றவன் அரச உத்தியோகத்துக்குப் போய்விடுவான், தமிழிற் கற்றவன் கிராமத்தில் நிற்பான் என்ற நடைமுறைக் கணிப்பே கிறீனின் மொழிக்கொள்கைக்கு அடிப்படையாக இருந்தது. அவர் 1873இல் நாடு திரும்பிய பின் அம்முயற்சி நலிந்தது. 1943இற் பல் வைத்தியப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கியபோது, கிறீன் கிளப்பிய வினாவை நினைவூட்ட எவரும் இருக்கவில்லைப் போலும்.

அயலில் நடந்தவற்றோடு ஒப்பிட்டால் கொழும்பின் தாமதம் தெளிவாகும். இந்தியாவின் முதலாவது பல் வைத்தியக் கல்லூரி 1920இற் கல்கத்தாவில் தோன்றியது. அதன் நிறுவுநரான ரஃபியுத்தீன் அகமது 1890இற் கிழக்கு வங்காளத்திற் பிறந்தவர். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இற் பட்டம் பெற்று, பொஸ்டன் நகரில் ஏழைச் சிறாருக்கெனச் செயற்பட்ட போர்சைத் நிலையத்திற் பணிபுரிந்து, 1919இல் நாடு திரும்பினார். அரசின் ஆதரவு அவருக்குக் கிட்டவில்லை. நியூயோர்க் சோடா பவுண்டன் என்ற பெயரில் அவர் நடத்திய குளிர்பானக் கடையின் வருவாயே கல்லூரிக்கு ஆதாரமாயிற்று. (ஐஸ்கிறீமும் இனிப்புப் பானமும் விற்ற பணத்திற் பல் வைத்தியக் கல்லூரி வளர்ந்தது என்பது வரலாற்றின் குறும்புகளுள் ஒன்று.) முதல் மூன்றாண்டுகளிற் சேர்ந்த மாணவர் 11 பேர் எனக் கூறப்படுகின்றது. ஓராண்டாகத் தொடங்கிய பாடநெறி படிப்படியாக நீண்டு நான்காண்டாயிற்று. அங்கு பயின்றவருள் பாத்திமா ஜின்னாவும் ஒருவர். அவர் 1923இற் பம்பாயிற் பல் சிகிச்சை நிலையமொன்றைத் திறந்தார். பெண்ணொருவர் தனித்துத் தொழில் நடத்துவது அரிதாயிருந்த காலம் அது. 1925இல் அகமது பல் வைத்திய இதழொன்றைத் தொடங்கினார். வங்காளத்திற் பல் வைத்தியரைப் பதிவு செய்யும் சட்டம் 1939இலும், இந்தியா முழுவதற்குமான சட்டம் 1948இலும் வந்தமைக்கு இவ்வியக்கமே உந்துதல். 1949இல் அவர் தம் கல்லூரியை மேற்கு வங்க அரசுக்கு நன்கொடையாக அளித்தார்.

சிங்கப்பூரில் நிகழ்ந்தது வேறு. அங்கு ஏழாம் எட்வேட் மன்னர் வைத்தியக் கல்லூரியினுள் 1929இற் பல் வைத்தியப் பள்ளி அரசாலேயே அமைக்கப்பட்டது. பேராசிரியர் ராட்மன் அதனை முன்னின்று நடத்தினார். மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர் பதவிகளிலும் அமர்ந்திருந்த யாழ்ப்பாணக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இக்கல்லூரி எட்டும் தொலைவில் இருந்தது. சென்னையோ கொழும்புக்கும் பத்தாண்டு பிந்தியே, 1953இல், தனது வைத்தியக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் வைத்தியக் கல்வியைத் தொடங்கியது. ஆகவே கல்கத்தாவில் தனிமனிதரின் முனைப்பாலும் சிங்கப்பூரில் அரசின் தேவையாலும் எழுந்தது, கொழும்பிற் பல்கலைக்கழகத்தின் வருகையோடு எழுந்தது எனக் கொள்ளலாம்.

கொழும்பின் தாமதத்துக்குப் பொருளாதாரக் காரணம் முதன்மையானது. பெருந்தோட்டப் பொருளாதாரம் எந்நோயைப் பொருட்படுத்தியது என்பதைக் கவனித்தால் இது விளங்கும். 1916இல் ரொக்பெல்லர் நிறுவகத்தின் உதவியுடன் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தோட்டங்களிலேயே தொடங்கப்பட்டது. கொழுக்கிப்புழு இரத்தத்தைக் குடித்துத் தொழிலாளரைச் சோர்வடையச் செய்யும். சோர்ந்த கை குறைந்த கொழுந்தையே பறிக்கும். எனவே அந்நோய் கணக்கேட்டிலே தெரிந்தது. பல் வலியோ கொழுந்தின் எடையிலே தெரிவதில்லை. ஆடும் பல்லுடனும் வீங்கிய முரசுடனும் ஒருத்தி நாட்கூலிக்கு வேண்டிய கொழுந்தைப் பறித்து நிறுத்துக் கொடுத்துவிடக் கூடும். முதலாளித்துவ நலன் நோக்கில் அவளுடைய வாய் நோயற்றது! இதற்கு மேல் 1934–35இன் மலேரியாப் பெருங்கொள்ளை ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. சூரியமல் இயக்கத்து இளைஞர் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்ற அக்காலத்தில், பொதுச் சுகாதாரம் என்ற சொல்லே காய்ச்சலையும் பட்டினியையும் குறித்து நின்றது. டொனமூர் அரசியலமைப்பின்கீழ் சுகாதாரத்துறை சுதேசிகளின் பொறுப்புக்கு வந்தபோதும், பல்லுக்கு ஒதுக்கப் பணமும் மனமும் இருந்திருக்க முடியாது.

மாற்றம் யுத்த காலத்தில் வந்தது. 1942 ஏப்பிரல் 5ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. கொலன்னாவையில் உள்ள எண்ணெய்த் தாங்கிகளென மயங்கி, அண்மையிலுள்ள அங்கொடை மனநோய் வைத்தியசாலை மீது குண்டு வீசினர் என்பது இப்பகுதியில் இன்றும் வழங்கும் செய்தி. நகரத்தோர் பலர் ஊரைவிட்டு அகன்றிருந்த அந்த ஆண்டின் யூலை மாதம் முதலாந் திகதியே, பல்கலைக்கழகக் கல்லூரியும் வைத்தியக் கல்லூரியும் இணைக்கப்பெற்று சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. கடல்வழிப் பயணம் ஆபத்தாக மாறியிருந்ததால், வெளிநாடு சென்று கற்கும் பழைய வழியும் அடைபட்டிருந்தது. இந்தச் சூழலிலேயே 1943இல் வைத்திய பீடத்தினுள் பல் வைத்தியப் பள்ளி இடம்பெற்றது. இரு ஆண்டுகளின் பின் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தமை அதன் வாயிலை ஓரளவு அகலமாக்கியது. இலண்டன் செல்ல இயலாத கீழ்நடுத்தர வகுப்புப் பிள்ளையும் பல் சத்திரசிகிச்சை இளமாணியாகலாம் என்ற நிலை அதன்பின்னரே உருவாயிற்று.

வைத்திய பீடத்தின் மடியிற் பிறந்தமை இப்பள்ளிக்கு வரமாகவும் சாபமாகவும் அமைந்தது. உடற்கூறு, உடற்றொழில், நோயியல் ஆகிய அடிப்படை விஞ்ஞானங்களை வைத்திய மாணவருடன் ஒரே தரத்திற் கற்கும் வாய்ப்பு வரமாகும். கைத்தொழில் என்ற பழைய இழிவு இதனால் நீங்கிற்று. மறுபுறத்தில், பெரியதொரு வீட்டின் பின்னறையில் வாழும் உறவினர் போல இத்துறை நீண்டகாலம் நடத்தப்பட்டது. வைத்தியத்துக்குப் புள்ளி போதாதோர் செல்லும் இடம் என்ற எண்ணம் மாணவரிடையும் பெற்றோரிடையும் வேரூன்றியது. இன்றும் அது முற்றாக மறைந்ததென்று கூறுவதற்கில்லை. கல்கத்தாக் கல்லூரியின் முதல் மாணவர் பல் வைத்தியத்தை விரும்பித் தேடிச் சென்றோர். கொழும்பின் மாணவரோ பலவேளைகளில் அனுப்பப்பட்டோர். நிறுவனத்தின் பிறப்பு முறை அதன் மாணவரின் மனநிலையை எவ்வளவு தூரம் தீர்மானிக்கின்றது என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஜெனிங்சின் கனவு பேராதனையாகும். 1952இல் அங்கு வதிவிடப் பல்கலைக்கழகம் இயங்கத் தொடங்கியது. 1954இல் முறையாகத் திறந்து வைக்கப்பட்டது. பல் வைத்தியப் பள்ளியும் ஐம்பதுகளிற் கொழும்பிலிருந்து மலைநாட்டுக்கு இடம்பெயர்ந்தது. பேராதனையின் வைத்திய பீடம் 1962இலேயே அங்கு நிலைகொண்டது என்பதனைக் கருத்திற் கொண்டால், இம்முறை தாய்க்கு முன் பிள்ளை புறப்பட்டுவிட்டது எனலாம். நான்கு மைல் தொலைவில் கண்டியிலே தந்ததாது மாளிகை இருக்க, நாட்டின் ஒரே பல் வைத்தியப் பள்ளி பேராதனையில் அமைந்தது தற்செயலே. ஆயினும் இந்த நாட்டு வரலாற்றில் ஒரு பல்லுக்கு இருந்த அரசியற் பெறுமதி சாதாரணமானதன்று. 1560இல் யாழ்ப்பாணத்தைத் தாக்கிய போர்த்துக்கேயர் அங்கு ஒரு பல்லைக் கைப்பற்றி, பெகு நாட்டு மன்னன் பெரும் பொருள் தர முன்வந்தும் விற்காது, கோவையில் உரலிலிட்டு இடித்து எரித்தனர் என அவர்களுடைய வரலாற்றாசிரியர் எழுதி வைத்துள்ளனர். அது தந்ததாதுவே அன்று என்பது கண்டியின் கொள்கை. புனிதப் பல்லுக்காக அரசர்கள் போரிட்ட நாட்டில் குடிமகனின் பல்லுக்கு ஒரு கதிரை போட இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காலம் சென்றது.

பட்டதாரிப் பல் வைத்தியர் சிலரை ஆண்டுதோறும் உருவாக்குவதால் மட்டும் நாட்டின் சிறாருடைய வாயைக் காக்க முடியாது என்பது விரைவிலேயே உணரப்பட்டது. நியூசிலாந்து இதற்கு ஒரு வழியைக் காட்டியிருந்தது. அங்கு படையின் பல் வைத்தியப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய தோமஸ் ஹன்டர், 1921இல் இளம் பெண்களை இரண்டாண்டு பயிற்றிப் பாடசாலைகளுக்கு அனுப்பும் திட்டத்தை வெலிங்டனில் தொடங்கினார். அப்பெண்கள் சிறாரின் சூத்தைகளை அடைத்தனர், பாற்பற்களைப் பிடுங்கினர், துப்புரவைக் கற்பித்தனர். பட்டம் பெறாதோர் பல்லைத் துளைப்பதா எனப் பல நாடுகளிற் பல் வைத்தியர் எதிர்த்தனர். அகமது முன்னர் பணிபுரிந்த அதே போர்சைத் நிலையத்தில் 1949இல் இத்தகைய பரிசோதனை தொடங்கப்பட்டு, தொழிற்சங்க எதிர்ப்பினால் 1950இல் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் இயலாதது இலங்கையில் இயன்றது. 1950இற் கொழும்பிலே கருக்கொண்ட கொழும்புத் திட்டத்தின்கீழ், நியூசிலாந்தின் உதவியுடன் ஐம்பதுகளில் மகரகமையிற் பாடசாலைப் பற்சிகிச்சைத் தாதியருக்கான பயிற்சி நிலையம் எழுந்தது. நமது கணிப்பிற் சாதாரண மக்களின் பற்களைப் பொறுத்தவரை, பேராதனைக்கு நிகரான முக்கியத்துவம் மகரகமைக்கு உண்டு. ஆனால் வரலாறு எழுதுவோர் பேராசிரியரை நினைவு வைத்திருக்கும் அளவுக்கு, பாடசாலை விறாந்தையில் நின்று பிள்ளையின் வாயைத் திறக்கச் செய்த தாதியை நினைவு வைப்பதில்லை.

இனி, பள்ளிக்குள் நுழைந்தோர் எவர் என்பதைப் பார்ப்போம். எழுபதுகளிற் பல்கலைக்கழக அனுமதி இனப்பிரச்சினையின் கூர்முனையாக மாறியது. 1971இன் அனுமதியில் மொழிமூலத்துக்கேற்ப வெட்டுப்புள்ளிகள் வேறுபட்டன. பேராதனையின் வைத்தியத்துக்கும் பல் வைத்தியத்துக்கும் 400 புள்ளிகளுக்குத் தமிழ்மொழிமூல மாணவர் 250 பெறவேண்டியிருக்க, சிங்களமொழிமூல மாணவருக்கு 229 போதுமாயிற்று. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இதனால் யாழ்ப்பாணத்து மாணவருக்கு நேர்ந்த பாதிப்பு பலராலும் விரிவாக எழுதப்பட்டுள்ளது. அதனை மீண்டும் கூறவேண்டுவதில்லை. ஆனால் இந்த வாதங்களின் ஓசையில் ஒரு பகுதியினர் முற்றாக மறைந்து போயினர். தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புடன் நின்றுவிட, 229 ஆயினும் 250 ஆயினும் மலையகத் தொழிலாளியின் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே. அப்பிள்ளை அப்பரீட்சை மண்டபத்தை அடைவதே அரிது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவனுடைய பெற்றோரை நாடற்றவராக்கியிருந்தது. பேராதனைக் குன்றின் மேற் பல் வைத்தியப் பள்ளி விளங்க, அதனைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் வாழ்ந்த அம்மக்கள் மாணவராகவும் அங்கு செல்லவில்லை. நோயாளராகவும் மிகச் சிலரே சென்றிருப்பர்.

அவர்கள் வேறொரு வழியில் உலகப் பல் வைத்திய நூல்களுள் நுழைந்தனர். இது சற்று விரிவாகக் கூறத்தக்கது. ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு ஆய்வாளர் 1965இல் டென்மார்க்கின் ஓகஸ் நகரில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். ஆரோக்கியமான 12 பேர், பெரும்பாலும் பல் வைத்திய மாணவர், சில வாரங்கள் பல் விளக்காது விடப்பட்டனர். அனைவருக்கும் முரசு அழற்சி கண்டது. மீண்டும் விளக்கத் தொடங்கியதும் அது மறைந்தது. பற்படலமே முரசு நோயின் காரணம் என்பது இதனால் நிறுவப்பட்டது. ஆயின், அழற்சி ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாது விடப்பட்டால் என்ன நிகழும் என்பதை மாணவரிடத்திற் பரிசோதிக்க இயலாதன்றோ? ஆகவே 1969இல் ஒஸ்லோவில் ஆண்டுதோறும் பல் வைத்தியரிடம் செல்லும் 565 மாணவரும் கல்விமான்களும் ஒரு குழுவாகத் தெரிவு செய்யப்பட்டனர். 1970இல் இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களைச் சேர்ந்த 480 தமிழ்த் தேயிலைத் தொழிலாளர், யாவரும் ஆண்கள், மற்றக் குழுவாயினர். பல் துலக்கும் வழக்கமோ எவ்வித பல் வைத்தியமோ அறியாதோர் என்பதே இவர்களுடைய தகுதி.

பதினைந்து ஆண்டுகள் இவர்கள் மீண்டும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். முடிவுகள் 1986இல் வெளிவந்தன. வியப்புக்குரிய செய்தி, இவர்களுக்குச் சூத்தை ஏறத்தாழ இல்லை என்பதாகும். சீனியும் மாப்பண்டமும் வாங்க வசதியற்ற வறுமையின் விளைவாக அதனை நாம் விளங்கிக்கொள்கின்றோம். இழந்த பற்கள் யாவும் முரசு நோயால் இழந்தவையே. ஆயினும் நோய் எல்லாரையும் ஒரே வேகத்தில் தாக்கவில்லை. நூற்றுக்கு 8 பேருக்கு அது மிக விரைவாக முற்றியது. அவர்கள் இருபது வயதளவிற் பற்களை இழக்கத் தொடங்கி, நாற்பத்தைந்துக்குள் யாவற்றையும் இழந்தனர். 81 பேருக்கு மிதமாக முற்றியது. எஞ்சிய 11 பேருக்கு, அழுக்கும் பற்காரையும் நிறைந்திருந்தும், முரசழற்சிக்கு அப்பால் நோய் செல்லவேயில்லை. நோய் வேகத்தில் மனிதருக்கு மனிதர் வேறுபாடுண்டு என்ற இக்கண்டுபிடிப்பு உலகின் பல் வைத்தியப் பள்ளிகள் யாவற்றிலும் இன்று பாடமாக உள்ளது. ரொறன்ரோவிற் கற்கும் மாணவனும் ரோக்கியோவிற் கற்கும் மாணவியும் இலங்கைத் தேயிலைத் தொழிலாளியின் வாயைப் பற்றிப் படித்தே தேறுகின்றனர்.

இவ்வாய்வின் விஞ்ஞானப் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆய்வாளர் மீது தனிப்பட்ட பழி சுமத்துவதும் நமது நோக்கமன்று. எனினும், நோயின் இயல்பான வரலாறு என்ற தொடரை நாம் நின்று நிதானித்து வாசிக்க வேண்டும். அத்தொழிலாளர் இயற்கையில் வாழ்ந்தோர் அல்லர். நூற்றைம்பது ஆண்டுகளாக உலகச் சந்தையின் மிக ஒழுங்கமைந்த தொழிற்றுறையொன்றில், பிரட்டுக்கும் கங்காணிக்கும் நிறுவைத் தராசுக்கும் உட்பட்டு வாழ்ந்தோர். அவர்களிடம் பல் வைத்தியம் இல்லாமை இயற்கையின் செயலன்று. கம்பனியினதும் அரசினதும் செயல். 1970இல் அவர்கள் பரிசோதிக்கப்பட்ட வேளை, நாட்டின் பல் வைத்தியப் பள்ளி 27 ஆண்டு வயதினதாய் அதே மத்திய மாகாணத்திலேயே இருந்தது. அப்பள்ளியின் வரலாற்றின் மறுபக்கமாகவே இந்த ஆய்வை நாம் வாசிக்கின்றோம்.

480 பேராகத் தொடங்கிய குழுவில் 1985இல் எஞ்சியோர் 161 பேர். நெடுங்கால ஆய்வு எதிலும் ஆட்கள் குறைவது வழமை. ஆயின் அப்பதினைந்து ஆண்டுகளில் மலையகத்தில் நடந்தவற்றை நாம் அறிவோம். 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி குடும்பங்கள் தலைமன்னார்க் கப்பலேறின. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973–74இற் பட்டினி வந்தது. 1977இலும் 1983இலும் வன்செயல் லயங்களை எரித்தது. ஆய்வு அட்டவணையிலே குறையும் எண்களின் பின்னால் இவை யாவும் நிற்கின்றன என்பது நமது கருத்து.

எண்பதுகளிற் பல் வைத்தியப் பள்ளி தனிப் பீடமாக உயர்ந்தது. தொண்ணூறுகளில் ஜப்பானிய அரசின் உதவியுடன் பேராதனையிற் புதிய போதனா வைத்தியசாலைக் கட்டடம் எழுந்தது. ஆனால் நாம் இப்பீடத்தின் வரலாற்றிற் சிறப்பாகக் குறிக்க விரும்புவது வெற்றிலை தொடர்பான ஆய்வுகளையே. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்ந்த மெல்லும் பழக்கத்தால் வரும் வாய்ப்புற்றுநோய் இலங்கை ஆண்களைப் பெரிதும் தாக்கும் புற்றுநோய்களுள் முதன்மையானது. தோட்டத் தொழிலாளரிடமும் கிராமத்து விவசாயிகளிடமும், நகரத்தின் சுமைதூக்குவோரிடமும் அது மிகுதி. பசியையும் களைப்பையும் மறக்க மென்றது வாயைத் தின்றது. பேராதனையிற் பயின்ற சமன் வர்ணகுலசூரிய முதலியோர் எண்பதுகளின் தொடக்கத்தில், குடும்பநல மாது போன்ற ஆரம்பச் சுகாதாரப் பணியாளரைச் சிறிதளவு பயிற்றினாலே அவர்கள் வீடுவீடாகச் சென்று வாயிலுள்ள வெண்படலங்களையும் ஆறாப் புண்களையும் உரிய காலத்தில் இனங்காண முடியும் என்பதைக் காட்டினர். அவ்வாய்வு 1984இல் வெளிவந்து வேறு நாடுகளிலும் கவனிக்கப்பட்டது. 2004இற் பாக்குத் தன்னளவிலேயே புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்திற்று. லோவின் ஆய்விலும் வர்ணகுலசூரியவின் ஆய்விலும் திறக்கப்பட்டவை ஏழைகளின் வாய்களே. முன்னையதில் நோயின் போக்கு அறியப்பட்டது. பின்னையதில் நோயாளி வைத்தியரிடம் அனுப்பப்பட்டார்.

2010இல், முதற் பரிசோதனை நிகழ்ந்து நாற்பது ஆண்டுகளின் பின், ஆய்வாளர் குழுவொன்று அத்தோட்டங்களுக்கு மீண்டும் சென்றது. 480 பேருள் 75 பேரை அவர்களால் தேடிக்காண முடிந்தது. முதியோராகிவிட்ட அவர்களுடைய வாயில் எஞ்சியிருந்த பற்கள் மீண்டும் எண்ணப்பட்டன.